ஏலமலை எல்லையும் இளங்குடியரசும்



போடிநாயக்கனூரில் இன்றும் விடியற்காலையில் தொழிலாளர் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டைக் கடக்கின்றனர். கேரளத்துத் தோட்டங்களில் ஏலக்காய் பறித்துவிட்டு மாலையில் வீடு திரும்புகின்றனர். அவர்கள் கடப்பது ஒரு மாநில எல்லை. 1947ஆம் ஆண்டிலோ, அஃது ஓர் அயல்நாட்டு எல்லையாகிவிடும் அபாயம் சில வாரங்கள் இருந்தது.

அக்காலத்தில் மலைமேல் திருவிதாங்கூர் சமஸ்தானம். அடிவாரத்தில் சென்னை மாகாணம். ஆட்சி இரண்டாயினும் வாழ்வு ஒன்றே. மூணாற்றுத் தேயிலை கம்பிவடப் பாதை வழியே குரங்கணிப் பக்கம் இறங்கிப் போடியை அடைந்தது. 1928ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதையும் வந்தது.

1947 ஜூன் 11ஆம் நாள், ஆங்கிலேயர் அகன்றதும் திருவிதாங்கூர் தனி நாடாக விளங்கும் என்று திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். பாகிஸ்தானுடன் தனி உறவு கொள்ளவும் முற்பட்டார். துறைமுகமும், அணுசக்திக்குரிய தோரியம் கலந்த கடற்கரை மணலும் அவருக்குத் துணிவு தந்தன.

இத்தகைய சோதனை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1783ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சுதந்திரம் உறுதிப்பட்ட அமெரிக்காவில் 13 மாநிலங்களும் தத்தம் வழியே சென்றன. அண்டை மாநிலச் சரக்குக்கே நியூயார்க் தீர்வை விதித்தது. வரி விதிக்கும் அதிகாரமற்ற மைய அரசை அயல்நாடுகள் மதிக்கவில்லை. ஆகவே 1787ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் கூடியோர் புதிய அரசியலமைப்பை வகுத்து, மாநிலங்கள் அயல்நாட்டுடன் உடன்படிக்கை செய்வதைத் தடுத்தனர். வீட்டுக்குள் பூசல் இருப்பின் வாயிலில் நிற்பவன் நம்மை மதிப்பானா?

திருவிதாங்கூரில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஜூலை 25ஆம் நாள் திவான் வெட்டுக் காயமுற்றார். ஜூலை 30ஆம் நாள் மகாராஜா சித்திரைத் திருநாள் இந்தியாவுடன் இணைய இசைந்தார். வன்முறை போற்றத்தக்கதன்று, ஆயினும் மக்கள் விருப்பத்தை மீறிய அரசு நிலையாது என்பது அன்று விளங்கியது.

இணைந்த பின்னும் பூசல் ஓயவில்லை. தேவிகுளம், பீருமேடு முதலிய தமிழர் மிகுந்த பகுதிகள் எந்த மாநிலத்திற்கு உரியவை? நேசமணி முதலானோர் அவற்றைத் தமிழகத்துடன் சேர்க்கப் போராடினர். 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் தென்திருவிதாங்கூரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பசல் அலி தலைமையிலான ஆணையம் 1955ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. 1956 நவம்பர் 1 முதல் கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை கேரளத்தில் அமைந்தன.

இம்முடிவில் மனக்குறை கொண்டோர் இரு புறமும் உண்டு. ஆனால் இந்த எல்லையில் எவரும் கடவுச்சீட்டு கேட்பதில்லை. நாடெங்கும் வாணிபம் தடையின்றி நடைபெற வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பின் 301ஆம் பிரிவு. அதனால்தான் கேரளத்தில் விளைந்த காய் போடியில் ஏலம் போகிறது.

எல்லையை எங்கே வரைவது என்று வாதாடுவது குடியரசில் குடிமக்களின் உரிமை. அவ்வாதம் எத்தனை காரமாயினும், மலையேறிப் பிழைக்கும் ஏழையின் வழி அடைபடாமல் காப்பது நம் அனைவரின் கடமை. நாளை வாக்களிக்கப்போகும் நீங்கள் இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் கொள்வீர்களாக.