நமக்கு உகந்த வைத்தியத்துறை எது?



மெதடிஸ்த மிஷன் வைத்தியசாலையைக் கண்ட நமது புத்தூரில், பிள்ளை வைத்தியராவதை விரும்பாத பெற்றோர் அரியர். ஆனால் எத்துறை என்று வினவினால், பெயரும் வருவாயும் மிக்க துறையையே சுட்டுகிறோம். பிள்ளையின் சுபாவத்தை நோக்குவதில்லை.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு அமையவில்லை. மொழியிலும் கற்பித்தலிலும் அவர் மனம் தோய்ந்தது. தமிழிலேயே வைத்தியம் போதித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’ என்னும் நூலை வெளியிட்டார்.

நம் காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் உளமருத்துவத்தைத் தெரிந்தார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, மக்கள் மனத்திற் பட்ட வடுக்களை 1998இல் நூலாக்கினார். அத்துறையை இகழ்ந்தோர் பலர். இன்று அதன் தேவையை உணராத ஊர் உண்டா?

ஆகவே அன்பர்களே, நெருக்கடியிலும் கலங்காது முடிவெடுப்போர்க்குச் சத்திரசிகிச்சை பொருந்தும். பொறுமையாய்ச் செவிகொடுப்போர்க்கு உளமருத்துவம். நோய் வருமுன் காக்க விழைவோர்க்குச் சமுதாய மருத்துவம். நம் இயல்பு எதுவென்பதைப் புத்தகம் சொல்லாது. உள்ளகப் பயிற்சியின்போது, களைத்த வேளையிலும் எந்த வேலை நம்மை அழைக்கிறதென்று கவனிப்போமாக.

பெரியோர்களே! எங்களைப் படிக்க வையுங்கள். துறையை எங்களிடம் விடுங்கள். மனம் ஒவ்வாத துறையில் அமர்ந்தவரால் தமக்கும் மகிழ்ச்சியில்லை. கட்டிலிற் கிடப்பவர்க்கும் ஆறுதலில்லை.