மூச்சுக்கும் ஒரு கணக்கு உண்டு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மருத்துவர் அல்ல, யோகா ஆசிரியரும் அல்ல. பி.காம். படித்து, பெரம்பலூரிலும் அரியலூரிலும் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மார்ச் 31 கணக்கு முடிப்பு வந்தால், ஏப்ரல் முதல் வாரம் எனக்குச் சளியும் காய்ச்சலும் வந்துவிடும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். வெயில் மட்டும் காரணமாக இருக்காது என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மனம் பதறும்போது, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு அது நல்லதுதான். நாய் துரத்தினால் ஓட வேண்டுமே! ஆனால் பதற்றம் மாதக்கணக்கில் நீடித்தால், கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்களின் வேலை மந்தமாகிறது.

1995-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். மறதி நோய் வந்த உறவினரைப் பராமரித்த 13 பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களுக்கும் ஒரே அளவில் சிறு காயம் செய்து கவனித்தார்கள். பராமரித்தவர்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. நம் குடியிருப்பிலும் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இன்று பேச வந்தேன்.

இதில் மூச்சு எங்கே வருகிறது? இதயத் துடிப்பை நினைத்தவுடன் குறைக்க முடியாது, மூச்சைக் குறைக்கலாம். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. ஜெபமாலை சொன்னாலும் மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு 6 அளவுக்கு இறங்குகிறது என்று 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆக, இதற்கு மதம் கிடையாது. நம் திருமூலரோ திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலேயே பிராணாயாமத்தைப் பற்றிப் பாடி வைத்துவிட்டார்.

செய்முறை எளிது. முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம். 4 எண்ணும் வரை மூக்கால் இழுங்கள்; 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். 10 நிமிடம் போதும்.

இனி என் தவறு. ஓய்வு பெற்ற பிறகு மூச்சுப் பயிற்சி பழகினேன். தூக்கம் நன்றாக வந்தது. அந்தத் தைரியத்தில் பிரஷர் மாத்திரையை நானாகவே நிறுத்திவிட்டேன். மூன்றாவது வாரம் மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். பிரஷர் 180-ஐத் தாண்டியிருந்தது. "பயிற்சியை விடாதீங்க, மாத்திரையையும் விடாதீங்க" என்றார் டாக்டர். இன்றுவரை இரண்டையும் விடவில்லை. நீங்களும் விடாதீர்கள். யோகா செய்தால் தொற்று நோயே வராது என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்பாதீர்கள். மனச் சுமையைக் குறைக்க அது நன்றாக உதவும்; தடுப்பூசிக்கு அது மாற்று ஆகாது. பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகளை டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

இன்னொன்று: சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலை ஓரத்தில் நின்று மூச்சை ஆழமாக இழுக்காதீர்கள். புழுதிதான் உள்ளே போகும். அதிகாலையில் மொட்டை மாடியே நல்லது.

இது ஆர்.டி. கணக்கு மாதிரி. சிறு தொகைதான், ஆனால் தவணை தவறக் கூடாது. நாளை காலை 6 மணிக்கு மொட்டை மாடியில் பாய் விரித்துக் காத்திருப்பேன். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் அவசியம் வாருங்கள். அந்த அரை மணி நேரம் நோயாளியோடு இருக்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் முறை போட்டுக்கொள்ளலாம். முதல் முறைக்கு என் மனைவி பெயர் கொடுத்துவிட்டார்.