ஸ்பிட்ஃபயரும் எங்கள் ஹெரால்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தோல் வியாபாரத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் செயலாளர் கேட்டார். "அதைத்தான் தினமும் பேசறோமே, இன்னிக்கு ஒரு காரைப் பத்திப் பேசறேன்" என்றேன். "பேசுப்பா, ஆனா பத்து நிமிஷம்தான்" என்று அனுமதி கொடுத்தார்.

1970-களில் இங்கே படித்தவர்களுக்கு என் மாமாவின் வெள்ளை ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கலாம். ஆம்பூரிலிருந்து அவர் வேலூர் வரும் நாட்களில் என்னையும் ஏற்றி வந்து கல்லூரி வாசலில் இறக்கிவிடுவார். அன்றைக்கு எனக்கு நடை வேறு மாதிரி இருக்கும்!

அம்பாசிடர் கல்கத்தா வண்டி, ஃபியட் பம்பாய் வண்டி என்றால் ஹெரால்டு நம்ம மெட்ராஸ் வண்டி. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில், 1961 முதல் தயாரானது. மூலம், இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டு. உருவம் கொடுத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின. நாங்கள் நாலு பேர் ரயிலேறிப் போய், வெயிலில் நின்று பார்த்தோம்.

ஆம்பூரில் அதைப் பழுது பார்த்தவரை எல்லோரும் 'மெக்கானிக் பாய்' என்போம். ஹெரால்டின் பானெட் மூடி மட்டும் திறக்காது. முன்பக்கம் முழுவதுமே முன்னால் சாயும். எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங் எல்லாம் கண் முன்னே தெரியும். "தம்பி, இந்த வண்டி எதையும் மறைக்காது. பார்த்தே கத்துக்கலாம்" என்பார். நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

பிறகு நானும் தோல் தொழிலுக்கு வந்தேன். 1980-களின் கடைசியில் மாதிரித் தோல்களோடு இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் நகருக்குப் போனேன். அங்கே ஒரு வாடிக்கையாளர் தம் வீட்டு ஷெட்டில் ஒரு சிவப்புக் காரைக் காட்டினார். இரண்டே இருக்கை, மேலே கூரை இல்லை. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்றார். பானெட்டைத் தூக்கினார். முன்பக்கம் முழுவதும் சாய்ந்தது. "இது எங்க ஹெரால்டு ஆச்சே!" என்று என்னை அறியாமல் தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

விஷயம் அதுதான். ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதன்மேல் மிக்கெலோட்டி வரைந்த உடலைப் பொருத்தியதுதான் ஸ்பிட்ஃபயர். பெயர், இரண்டாம் உலகப்போரின் போர் விமானத்தினுடையது. கையில் பணம் இல்லாமல் கம்பெனி அந்தத் திட்டத்தை ஒதுக்கி வைத்திருந்தது. 1961-ல் லேலண்ட் அந்தக் கம்பெனியை வாங்கியபோது, தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்த மாதிரிக் காரைப் பார்த்துவிட்டு, தயாரிக்கச் சொன்னார்கள். 1962-ல் வெளிவந்தது. 1147 சி.சி., 63 குதிரைத்திறன். நம் ஹெரால்டுக்குக் கடைசிவரை 948 சி.சி.தான். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் ஸ்பிட்ஃபயர்கள் செய்தார்கள்.

குறையே இல்லாத வண்டி என்று சொல்ல வரவில்லை. வளைவில் வேகமாகப் போகும்போது திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கி, வால் வழுக்கும். பேரணாம்பட்டுக்கு அப்பால் மலைப்பாதையில் எங்கள் ஹெரால்டும் ஒருமுறை அப்படிச் செய்தது. மாமா அன்று முழுக்கப் பேசவேயில்லை. அங்கே அந்தக் குறையை 1970-ல் சரி செய்தார்கள். இங்கே 1972-ல் வந்த கெஸல் காருக்குச் சாதாரண ஆக்ஸிலே போட்டுவிட்டார்கள்.

பிறகு ஏன் அந்தக் கார் மேல் அத்தனை ஆசை என்று அவரைக் கேட்டேன். "எதுவும் கெட்டால் நானே சரி பண்ணலாமே" என்றார். டிரையம்ப் வைத்திருப்பவர்களுக்கு 1977 முதல் ஒரு சங்கமே இருக்கிறதாம். உதிரிபாகம் கிடைக்கும், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பார். எனக்குப் பதில் பேச முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வருஷம்தான், மாமா காலமான பிறகு, டேனரி ஷெட்டில் ஓடாமல் நின்ற ஹெரால்டைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் பாயைப் போய்ப் பார்த்தேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வாங்கியிருப்பேனே தம்பி" என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டியை இழுத்தார். கார்புரேட்டர், பேரிங், கேஸ்கட், எல்லாம் ஹெரால்டு சாமான். துணியில் சுற்றி எண்ணெய் போட்டு வைத்திருந்தார். நான் அவரைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வண்டி இன்றும் ஓடும்.

மாணவர்களே, இதைச் சொல்லத்தான் வந்தேன். காரை விடுங்கள், நம் தொழிலையே பாருங்கள். குரோம் வருவதற்கு முன் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்டவர்கள் நாம். அந்தத் தோல் கப்பலேறி இங்கிலாந்து போயிற்று. விரலால் தடவியே தரம் சொல்லும் பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இன்னும் ஒருவர் இருவர் இருப்பார்கள். விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்களைக் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் அது அவர்களோடு போய்விடும்.

பாய் இப்போது இல்லை. அந்தப் பெட்டியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி இருக்கிறது, வண்டிதான் இல்லை. உங்களில் யார் வீட்டுக் கொட்டகையிலாவது ஓடாத ஹெரால்டு நின்றால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.