செங்கண்மாரியும் குருதிச் சோதனையும்

(கிளிநொச்சியில் உழவரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



கண் மஞ்சளித்தால் செங்கண்மாரி என்கிறோம். கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரிற் கலந்து கொடுக்கிறோம், பத்தியம் காக்கிறோம், சில கிழமைகளில் நோயாளி எழுந்து நடமாடுகிறார். வன்னியில் இதனைக் காணாத ஊர் இல்லை. ஆனால், செங்கண்மாரி என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. பல நோய்களிலே தோன்றும் ஓர் அடையாளமே அது. இவ்வேற்றுமையை உணராமையால் விளையும் கேடு சிறிதன்று.

2009 ஆம் ஆண்டில், போரினால் பெயர்ந்த ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் வவுனியா மாவட்டத்து முகாம்களில் அடைபட்டுக் கிடந்தபோது, செட்டிகுளம் மெனிக் பாமில் செங்கண்மாரி பரவியதை இங்கிருப்போர் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அது ஏ வகை ஈரலழற்சி. மலம் கலந்த நீராலும் உணவாலும் தொற்றுவது. பெரும்பாலும் தானாகவே மாறுவது. உடலில் நிலைத்துத் தங்காதது. கீழ்க்காய்நெல்லியின் புகழிற் பெரும்பங்கு இவ்வாறு தாமே மாறும் நோய்கள் தேடிக்கொடுத்தது என்பதே எமது கருத்து. சேற்று வயலில் நின்றவருக்கோ எலிக்காய்ச்சலாலும் கண் மஞ்சளிக்கும். அது சில நாட்களில் உயிரைக் குடிக்கவல்லது. காய்ச்சலோடு கண்ணும் மஞ்சளித்தால் மருந்தரைக்க அம்மி தேடவேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நாம் இன்று பேச வந்தது இவற்றினும் வேறான, ஓசையில்லாத ஒரு நோயைப் பற்றி. பி வகை ஈரலழற்சி வைரசு குருதியாலும், உடலுறவாலும், பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றுகிறது. ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதாலோ, ஒரே பாயில் அமர்ந்து உண்பதாலோ தொற்றுவதில்லை. வளர்ந்தவர்க்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்வரை ஆறு மாதத்துள் அதனை வென்றுவிடுகின்றனர். பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ, பத்தில் ஒன்பது குழந்தைகளில் அது வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. தங்கியது பல்லாண்டுகள் எவ்வித நோவும் காட்டாது. கண் மஞ்சளிக்காது, உழைப்புக் குறையாது, பின்னொரு காலம் ஈரல் சுருங்கியோ, புற்று விழுந்தோதான் அது தன்னைக் காட்டும். உலகில் 25 கோடிக்கு மேற்பட்டோர் இதனைச் சுமந்து திரிகின்றனர். 2022 ஆம் ஆண்டில் 11 இலட்சம் பேர் இதனால் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கண்ணைப் பார்த்து அறிய முடியாத இந்நோயைக் குருதியைப் பார்த்தே அறியவேண்டும்.

அதற்கு வழிதிறந்தவர் பாரூக் புளும்பேர்க் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர். அவுஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் குருதியில் இனந்தெரியாத ஒரு புரதத்தைக் கண்டு, 1965 இல் அதனை வெளியிட்டார். அது பி வைரசின் மேலுறை என்பது பின்னரே தெளிந்தது. 1976 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சோதனைச் சீட்டிலே காணும் பெயர்கள் மூன்று. வயலை வைத்தே அவற்றை விளக்குவோம். வயலுக்குள் இப்பொழுது மாடு நிற்கிறதா? இதற்கு விடை சொல்வது ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி.’, புளும்பேர்க் கண்ட மேலுறைப் புரதம் இதுவே. இது ‘உண்டு’ எனின் வைரசு உடலில் இருக்கிறது. என்றேனும் மாடு நுழைந்ததற்குக் குளம்படி கிடக்கிறதா? அதனைச் சொல்வது ‘அன்ரி எச்.பி.சி.’. வேலி அடைத்திருக்கிறதா? அதனைச் சொல்வது ‘அன்ரி எச்.பி.எஸ்.’. தடுப்பூசி போட்டவரிடம் வேலி உண்டு, குளம்படி இராது. நோய் வந்து மாறியவரிடம் வேலியும் உண்டு, குளம்படியும் உண்டு. மூன்றும் ‘இல்லை’ எனின், மாடு வந்ததுமில்லை, வேலியுமில்லை. அவர் தடுப்பூசி போடவேண்டியவர்.

ஒருமுறை ‘உண்டு’ என்று வந்ததாலேயே எல்லாம் முடிந்துவிடாது. முதலில் அம்முடிவை மீண்டும் உறுதிசெய்தல் வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போதும் ‘உண்டு’ எனின் அது நாட்பட்ட தொற்று. அப்பொழுதும் எல்லோருக்கும் உடனே மருந்து வேண்டியதில்லை. வைரசின் அளவையும் ஈரலின் நிலையையும் வேறு சோதனைகளால் அளந்தபின்பே மருத்துவர் முடிவு செய்வார். தெனோபோவிர், என்ரகாவிர் போன்ற குளிசைகள் வைரசை அடக்கி வைக்கும். பெரும்பாலும் அடியோடு அகற்றா. ‘இல்லை’ என்ற விடையிலும் எச்சரிக்கை வேண்டும். பிறர்மேற் பட்ட ஊசி குத்திய மறுநாளே சோதித்து மகிழ்வதிற் பயனில்லை. வைரசு குருதியில் தென்படச் சில கிழமைகள் செல்லும்.

மீண்டும் கீழ்க்காய்நெல்லிக்கு வருவோம். அதனை நாம் இகழவில்லை. 1988 இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், அதே புளும்பேர்க்கையும் உடன்கொண்டு, ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாட்பட்ட தொற்றுள்ளோரில் அம்மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்றுக் குளிசை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், பின்னர் வேறு நாடுகளிற் செய்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. ஆகவே, மூலிகை உண்டவர் தம் நோய் தீர்ந்தது என்று கூறுமுன், குருதியைக் கேட்கட்டும்.

நம்மவர் இந்நோயை அறியும் வழிதான் வேடிக்கையானது, வேதனையானதும்கூட. வளைகுடா நாட்டு வேலைக்கென மருத்துவச் சோதனைக்குப் போன இளைஞன், ‘தகுதியற்றவன்’ என்ற ஒரு சொல்லோடு திருப்பி அனுப்பப்படுகிறான். குருதிக் கொடை கொடுத்தவருக்கு அழைப்பு வருகிறது. கையில் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. ஆனால் தன் உடம்பின் செய்தியைத் தன் மொழியிற் படிக்க நம் உழவனுக்கு இன்னும் வாய்க்கவில்லை. அவன் அதனை மடித்து அலுமாரியில் வைத்துவிடுகிறான். வெளியிற் சொன்னால் தங்கையின் கலியாணம் நின்றுவிடும் என்று அஞ்சுகிறான். இங்கே வந்திருக்கும் உத்தியோகத்தர்களே, அயலார் கொண்டுவரும் அச்சீட்டைப் படித்துச் சொல்லுங்கள். சொன்னதை வேறெவர் காதிலும் போடாதீர்கள்.

இலங்கையிற் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியை 2003 இல் கொடுக்கத் தொடங்கினர். 2008 முதல் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியாக 2, 4, 6 மாதங்களிற் போடுகின்றனர். எனவே, இம்மண்டபத்தில் இருக்கும் நடுவயதினர் எவருக்கும் குழந்தைப் பருவத்தில் அது கிட்டவில்லை. போர்க்காலத்திற் காயமுற்றுக் குருதி ஏற்றப்பெற்றவர், அறுவைச் சிகிச்சை பெற்றவர், சிறுநீரகத்துக்காகக் குருதி சுத்திகரிப்போர், வைத்தியசாலைகளிற் பணிபுரிவோர் ஆகியோர் ஒருமுறையேனும் சோதித்துக்கொள்ளல் நன்று.

வீட்டில் ஒருவருக்கு ‘உண்டு’ எனக் கண்டால், கணவனோ மனைவியோ, பிள்ளைகளோ, பெற்ற தாயோ, உடன்பிறந்தோரோ, அனைவரும் சோதிக்கவேண்டும். வேலியில்லாதவர் மூன்று ஊசிகள் போடவேண்டும். முதலாவது போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. சவரக் கத்தியும் பற்றூரிகையும் தனித்தனியாக இருக்கட்டும். சோற்றுக் கோப்பையைத் தனியாக்க வேண்டியதில்லை. கருவுற்ற தாய்க்கு இத்தொற்று இருப்பின், கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிள்ளை பிறந்த 24 மணித்தியாலத்துள் தடுப்பூசியும், அதனோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடவேண்டும். பின்னர் அத்தாய் தயங்காமல் தாய்ப்பால் கொடுக்கலாம்.