வாசலை மறிக்கும் சாளரம்

வெள்ளவத்தைக் காலி வீதியிலே துணிக்கடைகளுக்குக் குறைவில்லை. வாசலில் நின்று, "வாருங்கள், உள்ளே பாருங்கள்" என்று அழைக்கும் பையனை எவரும் வெறுப்பதில்லை. ஆனால், உள்ளே சென்று சேலையைக் கையில் எடுத்த வேளையில் அவனே குறுக்கே பாய்ந்து, முகத்துக்கு நேரே ஒரு தாளை நீட்டி, "முதலில் இதை வாசியுங்கள்" என்றால்? எந்த முதலாளியும் அதைப் பொறுக்க மாட்டார். அதே முதலாளி தமது இணையத்தளத்தில் அத்தகைய பையன் ஒருவனைச் சம்பளமின்றி நிறுத்தி வைத்திருக்கக்கூடும். மேல்தோன்று சாளரம் என்பது அவன் பெயர். பேச்சு வழக்கில் பாப்-அப்.

1990களின் பிற்பகுதியில், டிரைப்பாட் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் பணியாற்றிய ஈதன் சக்கர்மன் இதற்கான நிரலை எழுதினார். விளம்பரம் ஒவ்வாத பக்கத்தோடு ஒட்டித் தோன்றாமல் தனிச் சாளரத்தில் நிற்கட்டும் என்பதே நோக்கம். 2014இல் அவரே அதற்காக மன்னிப்புக் கோரினார்.

எனினும், குறுக்கே வருவது யாவும் தீதன்று. கொட்டாஞ்சேனைத் தாய் ஒருவர் மகளுக்கு 5,000 ரூபா அனுப்ப எண்ணி, ஒரு பூச்சியத்தைக் கூடுதலாக அழுத்திவிட்டார் என நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவ்விடத்தில் சாளரம் குறுக்கே வரத்தான் வேண்டும். வந்து, "சரி", "ரத்து" என்று இரண்டு சொற்களை மட்டும் காட்டினால் அவர் எதை அழுத்துவார்? எது சரி, எது ரத்து? "50,000 ரூபா அனுப்புக", "தொகையைத் திருத்துக" என்று எழுதினால் பூச்சியம் அவர் கண்ணிற் படும்.

தமிழுக்கென்று ஓர் இடரும் உண்டு. நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில், "விளம்பரங்களை அனுப்ப வேண்டாம்" என்பது இடம் போதாமல் "விளம்பரங்களை அனுப்ப…" என்று நின்றுவிடும். பொருளே தலைகீழ்! தமிழை எழுதிப் பார்த்த பின்னரே பொத்தானின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

மூடும் குறியை மணிச்சோறு அளவில் மூலையில் ஒளிப்பதும் வழக்கமாகிவிட்டது. நடுங்கும் விரலுக்கு அது எட்டுமா? 2023இல் வெளியான இணைய அணுகல் நெறிகளின் 2.2ஆம் பதிப்பு, அழுத்தும் இடம் 24க்கு 24 படப்புள்ளியேனும் இருக்கவேண்டும், அன்றேல் சுற்றிலும் போதிய இடைவெளி வேண்டும் என்கிறது.

பார்வையற்றோர் திரைவாசிப்பான் துணைகொண்டு கேட்கின்றனர். சாளரம் திறந்ததும் வாசிப்பு அதனுள்ளே செல்லவேண்டும்; எஸ்கேப் விசையால் அது மூடவேண்டும்; மூடியதும் வாசிப்பு முன்பு விட்ட இடத்துக்கே திரும்பவேண்டும். சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகை கொண்டு மட்டும் தம் தளத்தில் ஒரு சேலை வாங்கிப் பார்த்தால், முதலாளிக்குத் தம் வாசற் பையன் யாரென்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.