காஸ் கீழேதான் இறங்கும்

விடிகாலையில் சமையலறைக்குப் போகிறீர்கள். காஸ் வாடை அடிக்கிறது. கை முதலில் எங்கே போகும்? லைட் சுவிட்சுக்குத்தான். அங்கேதான் போகக் கூடாது.

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. கீழேதான் இறங்கும். கொட்டிய தண்ணீர் மாதிரி தரையில் பரவி, மூலையில் தேங்கி நிற்கும். நின்றுகொண்டிருக்கிற நமக்கு வாடை லேசாகத்தான் தெரியும். தவழ்கிற பிள்ளை இருப்பதோ அந்தத் தரையில்.

அதனால் முதலில் பிள்ளையைத் தூக்கி வெளியே அனுப்புங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். வாசல் கதவு, கொல்லைக் கதவு இரண்டையும் அகலத் திறந்துவிடுங்கள். ஜன்னல் மட்டும் போதாது. காஸ் கீழே அல்லவா கிடக்கிறது!

சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் சின்னப் பொறி பறக்கும். "ஃபேனைப் போடு, வாடை போயிடும்" என்று வீட்டில் ஒரு பெரியவர் நிச்சயம் சொல்வார். அன்றைக்கு மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

தெருவுக்கு வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள். காஸ் கசிவுக்கான அவசர எண் அது. ஒன்று, ஒன்பது, பூஜ்யம், ஆறு. எழுதி ஒட்டுவதாக இருந்தால் சமையலறையில் ஒட்டாதீர்கள். வாசலுக்கு வெளியே ஒட்டுங்கள்.