திரையில் வரும் சித்திரத்துக்கு நடுவர்



இணையவழிச் சித்திரக் கண்காட்சிக்கு நடுவராக இருக்கச் சொல்லி உங்களில் யாருக்காவது அழைப்பு வந்திருக்கலாம். 2020இல் கொரோனா முடக்கத்தோடு எத்தனையோ போட்டிகள் திரைக்கு மாறின. லண்டனில் றோயல் அகடமி 1769 முதல் நடத்திவருகிற கோடைக்காலக் கண்காட்சிக்கே இன்று முதற்சுற்றுத் தெரிவு திரையில் படம் பார்த்துத்தான் நடக்கிறது. ஆகவே அழைப்பு வந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஏற்றுக்கொண்ட கையோடு ஏற்பாட்டாளரிடம் சிலதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை ஆக்கங்கள் வரும், எத்தனையைத் தெரிய வேண்டும், புள்ளித்திட்டம் என்ன, வரைந்தவரின் பெயரை மறைப்பார்களா? அட்டாளைச்சேனை போன்ற ஊரில் மச்சானின் மகளோ பழைய மாணவனோ இல்லாத போட்டியே கிடையாது. பெயரை மறைத்தாலும் கோட்டைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவோம். அப்படித் தெரிந்துவிட்டால் அந்த ஆக்கத்துக்கு மட்டும் புள்ளி போடாமல் விலகி, விலகியதை ஏற்பாட்டாளருக்கும் சொல்லிவிட வேண்டும்.

இனி நான் ஆசையோடு சொல்ல வந்த விசயம்: அளவு. டாலி வரைந்த உருகும் கடிகாரங்களை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்த ஓவியம் 24 சென்ரிமீற்றர் உயரம், 33 சென்ரிமீற்றர் அகலம். ஏ4 தாளைவிடச் சற்றுத்தான் பெரிது. பிக்காசோவின் குவெர்னிக்கா ஏறக்குறைய மூன்றரை மீற்றர் உயரம், எட்டு மீற்றருக்குக் கிட்டிய நீளம். போனில் இரண்டையும் ஒரே பெருவிரலால் மறைத்துவிடலாம்! அதனால் படத்தைத் திறக்க முன்னம் அதன் கீழே எழுதியிருக்கிற அளவைத்தான் நான் வாசிப்பேன். வீட்டுச் சுவரில் சோக்கால் அந்த அளவுக்குச் செவ்வகம் கீறி, எதிரே நின்று பார்த்துவிட்டுத்தான் திரைக்கு வருவேன். நேயர்களே, இதை இன்றைக்கே செய்து பாருங்கள். ஆள் உயரச் சித்திரத்தின் முன் நிற்பதும் உள்ளங்கைச் சித்திரத்தைக் குனிந்து பார்ப்பதும் ஒன்றல்ல என்று உடம்புக்கே விளங்கும்.

திரை விழுங்குகிற இன்னொன்று, தொட்டால் தெரிகிற மேற்பரப்பு. மாணவர் கண்காட்சி ஒன்றுக்குச் பாய் இழைக்கிற பன்புல்லைச் சாயமூட்டி இழைத்த ஆக்கம் ஒன்று வந்தது. ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடல் அரித்துக்கொண்டுபோன தென்னந்தோட்டம்தான் விசயம். மின்குமிழுக்கு நேர்கீழே வைத்துப் பிடித்த படம். நீலமும் மண்ணிறமுமாக வெறும் பட்டிகள்தான் தெரிந்தன. முதற்சுற்றிலேயே அது கழிபடப் பார்த்தது. காலை வெயில் பக்கவாட்டில் விழ, முன்விறாந்தையில் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். வந்ததே ஒரு படம்! இழை ஏறி இறங்கிய இடமெல்லாம் அலையாக நின்றது. கரை இடிந்த இடத்தில் அந்தப் பிள்ளை பன்னை முடியாமல் பிரிபிரியாக விட்டிருந்தாள். நடுவருக்கு இன்னொரு படம் கேட்கிற உரிமை இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும். டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கண்ணுக்கு இதமென்று திரையை மஞ்சளாக்குகிற வசதியையும் நிறுத்திவிடுங்கள். அது வானத்தின் நீலத்தையே மாற்றிவிடும்.

முதல் தடவை புள்ளி போடாமல் எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டாம் தடவை கடைசியிலிருந்து தொடங்குங்கள். பின்னால் இருப்பவை எப்போதும் களைத்த கண்ணுக்குத்தான் அகப்படுகின்றன.

2022இல் அமெரிக்காவின் கொலராடோவில் மிட்ஜேர்னி என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் உருவாக்கிய படம் எண்ணிமக் கலைப் பிரிவில் முதற்பரிசு எடுத்து, பெரிய வாக்குவாதம் கிளம்பியது. அப்படியான படங்களுக்கு இடம் உண்டா இல்லையா என்பது விண்ணப்பத்திலேயே இருக்கட்டும். சந்தேகமென்றால் முன்வரைவைக் கேட்டுப் பாருங்கள்.

நடுவர்கள் வாசலை அடைத்த கதைகளையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1863இல் பாரிஸில் நடுவர் குழு கழித்த ஓவியங்களுக்கு மூன்றாம் நெப்போலியன் தனிக் கண்காட்சியே வைக்க வேண்டியதாயிற்று. மனேயின் ஓவியம் அங்கேதான் தொங்கியது. நமது நாட்டில் பழைய கலைச் சங்கத்தின் ஆங்கிலேயப் பாணிக் கண்காட்சிகள் போதாதென்று, 1943இல் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல போன்றவர்கள் சேர்ந்து '43 குழுவைத் தொடங்கினார்கள். நமக்குப் பழக்கமில்லாத ஒன்று திரையில் வந்தால், குறைந்த புள்ளி போடுவதற்கு முன்னம் அதோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும்.

நேரம் முடியப்போகிறது, நேயர்களே. விதியை முதலில் கேளுங்கள், அளவை வாசியுங்கள், திரும்பப் பாருங்கள், தெரிவாகாத பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அடுத்த தடவை நமது கரையோரத்தில் நடுவர் குழு கூடுகிறபோது, சித்திர ஆசிரியர்களோடு மருதமுனை நெசவாளி ஒருவரும் பாய் இழைக்கிற உம்மா ஒருவரும் புள்ளித்தாளோடு இருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.